சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது

தண்டலம் பக்கத்து ஆஸ்பத்திரியில் என் அக்காவுக்கு நெஞ்சில் அடைப்பு, ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று சொன்னபோது, அவள் டாக்டரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஒரு வாரம் தள்ளிப் போடலாமா சார், கொஞ்சம் வூட்டு வேலை கீது." ஏதோ வெள்ளையடிக்கிற வேலை என்று டாக்டர் நினைத்திருப்பார். அடுத்த திங்கட்கிழமைக்கு மேல் தாமதிக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் போயிட்டா அந்தப் பொண்ணு தெருவுல நிக்கும்டி" என்றாள்.

அந்தப் பொண்ணு அக்கா பெற்றதல்ல. அக்காவுக்குக் குழந்தை இல்லை. ஒரகடத்திலிருந்து மணிமங்கலம் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிற ஊர் அக்காவுடையது. அவள் புருஷன், அதாவது என் மாமா, கம்பெனிகளுக்கு நிலம் போனபோது தன் பங்குக்கு வந்த பணத்தை வைத்து மீதி மண்ணில் ஒரு வீடு கட்டினார். பின்பக்கம் வரிசையாக ரூம்கள், கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு. அதில் ஒரு ரூமுக்குத் தெற்குச் சீமையிலிருந்து ஒருத்தி கைக்குழந்தையோடு குடிவந்தாள். உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து அவள் போய்விட்டாள். தேடி யாரும் வரவில்லை. அக்கா அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் போனாள், அவ்வளவுதான். தத்து, பத்திரம், கோர்ட்டு என்றெல்லாம் அப்போது யார் நினைத்தார்கள்? பள்ளிக்கூடத்தில் அவளைப் பெற்றவர்கள் பெயர்தான் இருந்தது. இப்போது அவள் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்கிறாள். அக்காவை அம்மா என்பாள், என்னைச் சித்தி என்பாள்.

மாமா ஹைவேயில் அடிபட்டுப் போனபின் வீடு அக்காவுக்கு வந்தது. பக்கத்து வீடு மாமாவின் தம்பியுடையது. நான் அவரைச் சின்ன மாமா என்று கூப்பிடுவேன். மறைமலை நகர் கம்பெனி ஒன்றுக்கு ஆள் ஏற்றுகிற பஸ் ஓட்டுகிறார். சம்சாரம், இரண்டு பிள்ளைகள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு காம்பவுண்டு சுவர், அதில் ஆள் போய்வருகிற மாதிரி ஒரு இடைவெளி.

நான் ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில் மெஸ் நடத்துகிறேன். படிப்பு எட்டாவதோடு சரி. மற்றதெல்லாம் சாப்பிட வருகிறவர்கள் பேச்சில் படித்தது. ஷிப்ட் முடிந்து வருகிற ஒருவன் சாம்பாரைக் கரண்டியால் துழாவிவிட்டு, "இன்னைக்கு பருப்புக்கு வீக்லி ஆஃப்பாக்கா?" என்பான். ஒரு லாரி டிரைவர் வீட்டில் சண்டை போட்ட நாளெல்லாம், "அங்க சிவப்பு லைட்டு எரியுது, ரெண்டு தோசை சேத்துப் போடு" என்பார். இப்படிப் பேச்சுகளை மனசில் முடிந்து வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்த காரியம். ஆனால் அந்த வாரம் எவர் பேசியதும் காதில் தங்கவில்லை. அரிசி களைந்தாலும் அதே நினைப்பு, பில் போட்டாலும் அதே நினைப்பு.

பதிவு ஆபீஸ் வாசலில் மேசை போட்டிருக்கும் பத்திர எழுத்தர் ஒருவர் மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் மெஸ்ஸுக்கு வருவார். அவர் இலையில் ரசம் ஊற்றிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"உயில் எழுதலன்னா அந்த வூடு யாருக்குப் போவும்னு நெனைக்கற?" என்று கேட்டார்.

"வளத்த பொண்ணுக்கு."

"வளத்தது சட்டத்துக்குத் தெரியாதும்மா. கூடப் பொறந்தவ நீ. உனக்கு வரும்னு நெனைச்சியா?"

"எனக்கு வேணாம் சார்."

"வேணும்னாலும் வராது. புருஷன் வழியா வந்த சொத்து, புள்ளகுட்டி கிடையாது. புருஷன் சைடுக்கே திரும்பிப் போயிடும். கொழுந்தனார் கீறாரா?"

"பக்கத்து வூடு."

"அப்ப அவருக்குப் பஸ் செலவுகூட இல்ல" என்று சொல்லிவிட்டு மோர் கேட்டார்.

அன்று சாயங்காலமே அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் பதறவில்லை. "ஊருக்கே தெரியும்டி அது என் பொண்ணுன்னு. நாலு பேரை வெச்சிக்கினு வாயால சொல்லிட்டுப் போறேன்" என்றாள். அதையும் மறுநாள் எழுத்தரிடம் கேட்டேன். வாயால் சொல்கிற உயில், சண்டையில் நிற்கிற சிப்பாய்க்குத்தான் செல்லுமாம். "உங்க அக்கா எந்த பார்டருக்குப் போவுது?" என்றார். அதை அப்படியே போனில் சொன்னபோது அக்கா சொன்னாள்: "திங்கக்கிழம போறது பார்டர்தான்டி."

இன்னொரு வழியும் சொன்னார். உயிலே வேண்டாம், இப்போதே அந்தப் பெண் பேருக்குத் தானமாக எழுதிப் பதிந்துவிடலாம். எழுதின அன்றைக்கே வீடு அவளுடையது, பிறகு எவரும் வந்து கேட்க முடியாது. ஆனால் ரத்த உறவு இல்லாததால் கட்டணம் கழுத்தை நெரிக்கும். கட்டணத்தைக்கூட எப்படியாவது புரட்டலாம். அக்கா தலையாட்டவில்லை. அவர்கள் தெருவில் ஒரு பெரியவர் மகன் பேருக்கு வீட்டை எழுதிவிட்டு, இப்போது மாடிப்படிக்குக் கீழே கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார். அக்கா அவரைத் தினமும் பார்க்கிறாள்.

"நம்ம பொண்ணு அப்படிச் செய்யாதுக்கா."

"அது செய்யாது. நாளைக்கு அதைக் கட்டிக்கினு வர்றவன்?"

"உன் ஆயுசு வரைக்கும் நீ இங்கதான் இருப்பேன்னு சேத்தே எழுதலாமாம்."

"என் வூட்ல நான் இருக்க யாராண்டடி பெர்மிஷன் எழுதி வாங்கணும்?"

அவள் சொன்னதும் நியாயம்தான். அவள் கண் மூடும்வரை அவளுடையதாக இருக்க வேண்டும், மூடின நிமிஷத்தில் பெண்ணுடையதாக மாற வேண்டும். அப்படி ஒரு காகிதம் இருக்கிறதென்றால் அது உயில்தான். எழுதினபிறகு மனசு மாறினாலும் மாற்றி எழுதிக்கொள்ளலாம். மாமாவும் அக்காவும் சேர்ந்து அப்போதே ஒரு கூட்டு உயில் எழுதியிருந்தால் இந்தப் பாடே இல்லை என்று எழுத்தர் சொன்னார். எழுதுகிற வயசில் எவர் எழுதுகிறார்கள்? எங்கள் ஜனங்களுக்கு உயில் என்ற சொல்லை வீட்டுக்குள் சொன்னாலே எமனுக்கு அட்ரஸ் சொன்ன மாதிரி.

வியாழக்கிழமை காலையில் நான் போனபோது அக்கா சிரித்த முகமாக இருந்தாள். "வேலை முடிஞ்சிது" என்று ஒரு வெள்ளைத்தாளை நீட்டினாள். அவள் கையெழுத்தில் ஒரு பக்கம். கீழே இரண்டு சாட்சிக் கையெழுத்து. ஒன்று இந்தியில் இருந்தது.

"இது யாருக்கா?"

"ரூம் பசங்க. ஒண்ணு பீகார், ஒண்ணு தென்காசிப் பக்கம்." குரலைத் தாழ்த்தினாள். "இந்த ஊர்ல யாராண்ட கையெழுத்து வாங்கினாலும் நான் பேனாவ மூடறதுக்குள்ள சேதி செவுத்துக்கு அந்தாண்ட போயிடும். அந்தப் பசங்களுக்கு இங்க சொல்றதுக்கு ஆளும் இல்ல, சொல்ல நேரமும் இல்ல. ஓடிக்கினே கீதுங்க."

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு மெஸ்ஸுக்கு வந்தேன். மதியம் எழுத்தர் கை கழுவிவிட்டு அதை வாங்கிப் படித்தார். ஒரு தரம் படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்தார்.

"வெள்ளப் பேப்பர் தப்பில்ல. கைப்பட எழுதினது நல்லதுதான். பதியலன்னாலும் உயில் உயில்தான். ஆனா இது இன்னா?" என்று விரலை வைத்தார். 'இந்த ஆபரேஷனில் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்' என்று அக்கா எழுதியிருந்தாள். "நிபந்தனை போட்டுட்டாங்களே. ஆபரேஷன் நல்லபடியா ஆயி, வூட்டுக்கு வந்து, நாலு வருஷம் கழிச்சி கண்ண மூடினா இந்தப் பேப்பர் வடை மடிக்கத்தான் ஆவும்."

'என் காலத்துக்குப் பிறகு' என்று எழுத அக்காவுக்குக் கை வரவில்லை. அதுதான் விஷயம். ஆபரேஷன் தாண்டிவிட்டால் சாவே இல்லை என்கிற மாதிரி எழுதிவிட்டாள்.

"சரி, சாட்சிங்க யாரு?"

சொன்னேன்.

"கான்ட்ராக்டா? எவ்ளோ நாளைக்கு இங்க இருப்பாங்க?"

"அது தெரியாது சார்" என்றேன்.

"கொழுந்தனார் நாளைக்கு, இது எங்க அண்ணி கையெழுத்தே இல்லன்னு கோர்ட்டுக்குப் போறார்னு வெச்சிக்கோ. இந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் கூண்டுல நின்னு, அந்தம்மா என் கண்ணு முன்னாடிதான் போட்டாங்கன்னு சொல்லணும். அன்னைக்கு நீ பீகாருக்குப் போயி யார் வூட்டுக் கதவத் தட்டுவ?"

பீகாருக்கு ஏன் போகவேண்டும்? அன்று சாயங்காலம் அக்கா வீட்டுப் பின்பக்கம் போனேன். தென்காசிப் பையன் வாளிக்குள் பாயைச் சுருட்டித் திணித்துக்கொண்டிருந்தான். "லைன நிப்பாட்டிட்டாங்கக்கா. ஓசூர்ல ஆள் எடுக்காங்களாம், நாளைக்கு வண்டி ஏறுதேன்" என்றான். எங்கள் பக்கத்தில் குடித்தனம் வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான். மாசத்துக்கு ஒரு முகம். அக்கா எந்தக் காரணத்துக்காக அவர்களைப் பிடித்தாளோ, அதே காரணத்தால் அவர்கள் கையெழுத்து கைக்கு எட்டாமல் போகப்போகிறது.

மறுநாளே புதிதாக எழுதிப் பதிந்துவிடலாம் என்று எழுத்தர் சொல்லியிருந்தார். ஒரு சாட்சி நான். எனக்குச் சொத்தில் ஒன்றும் இல்லை, இந்த ஊரைவிட்டு நான் எங்கும் போகப்போவதும் இல்லை. இன்னொரு சாட்சி? தன் குமாஸ்தா போடுவார், சட்டப்படி அது போதும் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா என்னைக் கேட்டா, யார் சண்டைக்கு வருவார்னு பயப்படறீங்களோ அவரையே சாட்சி போட வெச்சிடுங்க. அப்புறம் அவர் வாயால இல்லன்னு சொல்ல முடியாது" என்றார்.

இதை அக்காவிடம் சொல்லவே பயந்தேன். அவள் கேட்டுவிட்டு எழுந்து புடவையைச் சரிசெய்தாள். சுவர் இடைவெளி வரைக்கும் இருக்கிற தூரத்தில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

சின்ன மாமா வாசலில் உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். "ஒரு குரல் குடுத்தா நானே வந்திருப்பேனே அண்ணி" என்று எழுந்தார்.

"கேக்க வந்தவ நான். அதான் நானே வந்தேன்" என்று அக்கா நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். வீடு பெண்ணுக்கு. சாட்சிக் கையெழுத்துக்கு நீ வரணும்.

அவர் முதலில் என்னைத்தான் பார்த்தார். "எங்க அண்ணன் வூட்டு விவகாரம் ஒரகடம் மெஸ்ல சாம்பாரோட சேந்து வேவுதா?"

நான் அக்கா நாற்காலிக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"அவள விடு. எனக்கு சொந்த புத்தி கீது" என்றாள் அக்கா.

உள்ளே டிவி சத்தம் நின்றது. அவர் சம்சாரம் வாசற்படிக்கு வந்தாள். "உங்க உசுரு எப்போ போவும்னு நாங்க காத்துக்கினா கீறோம் அக்கா?"

"அப்படி யாரும் சொல்லலயேம்மா."

"சொல்லல. எழுதறீங்க."

சின்ன மாமா கையை அமர்த்தி அவளை நிறுத்தினார். "அது எங்க தாத்தா ஏர் ஓட்டின மண்ணு அண்ணி."

"இல்லன்னு சொல்லல. உன் பங்குல உன் வூடு நிக்குது. உங்க அண்ணன் பங்கைத்தான் நான் பேசறேன். உன்னாண்ட வூட்ட கேக்கல, கையெழுத்துதான் கேக்கறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. தைலப் பாட்டிலை மூடினார். "காலைல ஃபர்ஸ்ட் ஷிப்ட் ட்ரிப் கீது. படுக்கணும்." வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணிடம் அன்றுதான் விஷயத்தைச் சொன்னோம். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் சண்டைக்கு வந்தாள். "இதுக்குத்தான் ரெண்டு பேரும் ஒரு வாரமா குசுகுசுன்னு பேசிக்கினு இருந்தீங்களா? டாக்டர் வேற ஏதோ சொல்லிட்டாரு, என்கிட்ட மறைக்கிறீங்கன்னு நெனைச்சி லைன்ல நின்னுக்கினே அழுதேன் சித்தி. சூப்பர்வைசர் வந்து கண்ணுல இன்னா பட்டுதுன்னு கேக்கறான்." பதிவு ஆபீசுக்கு நானும் வருவேன் என்றாள். எழுத்தர் கூட்டிவரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சொத்து வாங்குகிறவள் பக்கத்தில் நின்றால், மிரட்டி வாங்கினாள் என்று பேச்சு வரும். ஆகவே மறுநாள் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஷிப்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை முகூர்த்த நாள். பதிவு ஆபீசில் நிற்க இடமில்லை. மனை வாங்குகிறவர்கள் பூவும் பழமுமாக வந்திருந்தார்கள். எல்லார் முகத்திலும் கல்யாணக் களை. நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்த மாதிரி சுவரோரமாக உட்கார்ந்திருந்தோம். அக்காவின் மடியில், அவள் தெளிவான புத்தியோடு இருக்கிறாள் என்று டாக்டர் கொடுத்த சர்ட்டிபிகேட். ரிஜிஸ்டர் ஆபீசுக்கு இது தேவையில்லை, பின்னால் உதவும் என்று வாங்கச் சொன்னவர் எழுத்தர்தான். இந்தத் தடவை 'என் காலத்துக்குப் பிறகு' என்று அவரே டைப் அடித்திருந்தார். அந்த வரியைப் படித்துக் காட்டும்போது அக்கா வாசல் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சர்வர் வேலை செய்யவில்லை என்றார்கள். வந்தது என்றார்கள். மறுபடியும் போனது. கடைசியில் எங்கள் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். குமாஸ்தா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். "போடட்டுமாம்மா?"

"கொஞ்சம் இருப்பா" என்றாள் அக்கா.

"கூப்பிட்டாங்களேக்கா" என்றேன். இந்த டோக்கன் போனால் அப்புறம் சனி, ஞாயிறு. திங்கட்கிழமை அவள் ஆபரேஷன் மேசையில் படுத்திருப்பாள். குமாஸ்தா போட்டால் என்ன, அதுவும் செல்லுமே என்று சொல்ல வாயெடுத்தேன்.

சின்ன மாமா யூனிஃபார்மோடு வந்து நின்றார். பஸ்ஸை ரோட்டோரம் போட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறார், சட்டை முதுகு நனைந்திருந்தது. அக்காவிடமும் பேசவில்லை, என்னிடமும் பேசவில்லை. எழுத்தரிடம் கையை நீட்டி உயிலை வாங்கி, உதடு அசைய வரிவரியாகப் படித்தார்.

"ஒரு வரி சேக்கணும்" என்றார்.

அரைப் பங்கு கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"போர் தண்ணி" என்றார். "அண்ணனும் நானும் சேந்து போட்ட போர். அது அண்ணி பக்கம் கீது. அங்கேருந்துதான் எங்க வூட்டுக்கு பைப் வருது. இந்தப் பொண்ணு நாளைக்கு யாரையாவது கட்டும். வர்றவன் பைப்ப புடுங்கி எறிஞ்சான்னா, நான் கொடத்த தூக்கிக்கினு எந்தத் தெருவுக்குப் போவேன்?"

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். இன்னும் வராத ஒரு மாப்பிள்ளைக்கு இரண்டு வீட்டிலும் இத்தனை பயம் இருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"எழுதுங்க சார். ரெண்டு வூட்டுக்கும் தண்ணின்னு எழுதுங்க" என்றாள்.

அந்தப் பக்கத்தைத் திரும்ப டைப் அடித்து எடுத்துவருவதற்குள் எங்களைத் தாண்டி வேறு டோக்கன்கள் போய்விட்டன. எழுத்தர் உள்ளே போய்க் கெஞ்சிக் கூத்தாடின பிறகு, சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் எங்களை உள்ளே விட்டார்கள். அக்காவைப் படம் பிடித்தார்கள், விரல் ரேகை எடுத்தார்கள். அவள் கையெழுத்துப் போடுவதை நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்று பார்த்தோம். சின்ன மாமா, லைசென்ஸ் ஆபீசில் போடுகிற மாதிரி, இனிஷியலோடு முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதினார். பிறகு நான் போட்டேன்.

"பஸ்ஸ நிறுத்திட்டு வந்திருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமையைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தெம்பில்லை. தியேட்டர் கதவுக்கு வெளியே அந்தப் பெண் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்ன மாமா இரண்டு ட்ரிப்புக்கு நடுவில் வந்து லிஃப்ட் பக்கத்தில் நின்றுவிட்டுப் போனார். சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார்.

பயம் அத்தோடு போயிற்றா என்றால், இல்லை. உயிலில் கடைசியாக எழுதினதுதான் நிற்கும் என்று எழுத்தர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. அக்கா வீட்டுக்கு வந்த மறுநாளிலிருந்து சுவரைத் தாண்டி மீன் குழம்பு வர ஆரம்பித்தது. சின்ன மாமா சம்சாரமே கொண்டுவந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாள். அக்காவை மாற்றி எழுத வைத்துவிடுவார்களோ என்று நான் கதவோரமே நிற்பேன்.

"இத்தனை வருஷமா வராத குழம்பு இப்ப எதுக்குக்கா வருது?"

"உப்பு கம்மியா எனக்குன்னு தனியா வெக்கறா. மெஸ் நடத்தறவ நீ, உனக்கு அது தோணல" என்றாள்.

ஒரு சாயங்காலம் அந்தப் பெண் ஷிப்ட் முடிந்து வந்து, குழம்புப் பாத்திரத்தைக் கழுவி, வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாதென்று அதில் கொஞ்சம் அவித்த கடலையைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். போனவள் வரவில்லை. நான் ரேஷன் அரிசியில் கல் பொறுக்குகிற சாக்கில் ஜன்னலோரம் உட்கார்ந்து இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே என்ன சொல்கிறார்களோ, இவள் வாயைக் கொடுத்து என்னத்தை மாட்டிக்கொள்கிறாளோ என்று ஒரே படபடப்பு.

வந்தாள். "இன்னாடி இவ்ளோ நேரம்?" என்றேன்.

"அந்த வூட்டு சின்னம்மா ஒண்ணு கேட்டாங்க சித்தி. போர் மோட்டார் இனிமே எத்தன மணிக்குப் போடலாம்னு என்னைக் கேட்டாங்க."

இத்தனை வருஷமாக அதை வீட்டுக்காரி என்று அக்காவிடம்தான் கேட்பார்கள். கட்டிலில் மாத்திரை அட்டையைப் பிரித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள்.

"நீ இன்னா சொன்ன?" என்று கேட்டாள், மெதுவாக.

"எனக்கு இன்னா தெரியும்? அம்மாவ கேட்டு வந்து சொல்றேன்னு சொன்னேன்."

அக்கா மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். சொம்பை வைத்தாள்.

"ஆறு மணின்னு சொல்லு" என்றாள். "ஆறுக்குத்தான் வோல்டேஜ் நல்லா இருக்கும்."

"சரிம்மா" என்று அவள் மறுபடியும் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.